குழந்தையின் தலையும் தாயின் மனமும்



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். பள்ளிவாசல் வாசலில் ஓர் இளம் தம்பதியர் மூன்று மாதக் குழந்தையுடன் நின்றிருந்தனர். கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்பவர். "மௌலவி, இவன்ட தலையைக் கொஞ்சம் பாருங்க" என்றார். உம்மா ஒன்றும் பேசாமல் பிள்ளையின் தொப்பியைக் கழற்றினார். பின்தலையின் வலப்பக்கம் தட்டையாக இருந்தது. "நான் சரியாப் பார்க்கல்லையாம், அதுதான் இப்படியாம் எண்டு மாமி சொல்றா. ஓதிப் பார்த்தாச் சரியாகுமா?" என்று கேட்டபோது அவருடைய கண்கள் கலங்கிவிட்டன.

நான் ஓதி துஆச் செய்தேன். பிறகு, "கிளினிக்கில் காட்டினீர்களா?" என்று கேட்டேன். இருவரும் தலையைக் குனிந்தார்கள்.

சகோதரிகளே, பச்சிளம் குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. மூளை வளர இடம் கொடுப்பதற்காக அல்லாஹ் அதைப் பல துண்டுகளாகவும் மென்மையாகவும் படைத்திருக்கிறான். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். குறைமாதப் பிள்ளைகளிடமும் இரட்டையர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படும்.

இன்னொரு காரணமும் உண்டு. குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்கக் கூடாது என்று 1992 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவித்தது. அதன் பின் அந்நாட்டில் நித்திரையிலேயே குழந்தைகள் திடீரென மௌத்தாவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தலை தட்டையாவது அதிகரித்தது. தலை தட்டையாவதைப் பின்னர் சரிசெய்யலாம், போன உயிர் திரும்பாது. ஆகவே தலை அழகுக்காகப் பிள்ளையைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள்.

விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, நாளுக்குப் பல தடவை சிறிது நேரம் குப்புறப் போடுங்கள். தோளில் தூக்கி வைத்திருங்கள். பிள்ளை வெளிச்சத்தையும் உங்கள் முகத்தையும் பார்க்கத் திரும்பும். படுக்கையில் தலை வைக்கும் திசையை மாற்றினால், தட்டையாகாத பக்கம் சாய்ந்து படுக்கும். நெடுநேரம் ஏணையிலேயே விடாதீர்கள். எண்ணெய் தேய்த்துத் தலையை அழுத்தி உருட்டுவதும், கடுகு நிரப்பிய தலையணை வைப்பதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தூங்கும் பிள்ளைக்குத் தலையணையே ஆபத்து.

பிள்ளை ஒரே பக்கம் மட்டும் திரும்பினால், கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதற்குப் பிசியோதெரபிப் பயிற்சி உண்டு. மண்டையோட்டின் பொருத்துகள் நேரத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்வது வேறு நோய். அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். இரண்டையும் பிரித்தறிய வைத்தியரால்தான் முடியும். வீட்டுக்கு வரும் மிட்வைபிடமாவது முதலில் சொல்லுங்கள். கிண்ணியாவிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு காலத்தில் பாதைக்குக் காத்து நின்றோம். 2009 இல் பாலம் திறந்த பின் அந்தச் சாக்கும் இல்லை.

வெளிநாடுகளில் சில பிள்ளைகளுக்குத் தலையைச் சீராக்கும் ஹெல்மெட்டை நாளுக்கு 23 மணித்தியாலம் அணிவிக்கிறார்கள். அது வாங்க வசதியில்லையே என்று ஏங்கும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014 இல் வெளிவந்தது. ஹெல்மெட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. மிகக் கடுமையான நிலையில் இருந்த பிள்ளைகள் அதில் சேர்க்கப்படவில்லை. எனவே வைத்தியர் அவசியம் என்றால் வெட்கப்படாமல் அணிவியுங்கள். அவர் சொல்லாமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

இனி மாமிமாருக்கு ஒரு வார்த்தை. சூரத்துல் பகராவின் 233 ஆம் வசனம் பாலூட்டலைப் பற்றிப் பேசும்போது, பிள்ளையை வைத்துத் தாய்க்கும் துன்பம் நேரக்கூடாது, தகப்பனுக்கும் துன்பம் நேரக்கூடாது என்று கட்டளையிடுகிறது. இரவெல்லாம் கண்விழிக்கும் மருமகளைப் பார்த்து, "உன்னால்தான்" என்று சொல்வது அந்தத் துன்பம் இல்லையா? நீங்கள் பேரப்பிள்ளை மீதுள்ள பாசத்தால்தான் சொல்கிறீர்கள். அந்தப் பாசம் பிள்ளையை ஒரு மணித்தியாலம் வாங்கி வைத்திருப்பதாக வெளிப்படட்டும்.

ஓதிப் பார்ப்பது நல்லது. ஆனால் மருந்து செய்யலாமா என்று கேட்ட நாட்டுப்புற அரபிகளுக்கு, மருத்துவம் செய்யும்படியே நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். துஆவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

அந்தத் தகப்பன் சென்ற வாரம் வந்தார். பிள்ளையின் கழுத்துத் தசைதான் இறுகியிருந்ததாம். பயிற்சி நடக்கிறது. தலை இன்னும் முழுதாகச் சீராகவில்லை. "இப்ப உம்மாதான் அவனைக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுறா, மௌலவி" என்று சிரித்தார். அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், அவர்களைச் சுமக்கும் தாய்மாருக்கு மன நிம்மதியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.