சிப்பிப்பாறைக்கு எதுக்கு அரபு தாத்தா?

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துல முன்னங்காலைத் தூக்கி நிக்கிற கல் குதிரைங்க பக்கத்துல நீங்களும் ஒரு போட்டோ எடுத்திருப்பீங்க. அந்தக் காலத்துப் படைக் குதிரைகள் அரேபியா, பாரசீகம் பக்கமிருந்து கப்பலில் வந்தவை. அதே கப்பலில் நாயையும் ஏற்றிவிடுவதில் நம்ம ஆட்களுக்கு ஒரு சந்தோஷம். சிப்பிப்பாறை நாய் யாருன்னு கேளுங்க, "சலூகி வம்சம் பாஸ், அரபு ரத்தம்"னு உடனே பதில் வரும்.

ஆதாரம் என்னன்னா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்காம். நீள முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு. ஆனா கண்ணால் பார்த்துத் துரத்தும் எந்த நாயும் இந்த வடிவத்துக்குத்தான் வந்து சேரும். சலூகியும் கிரேஹவுண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 2004-ல் வந்த மரபணு ஆய்வில் இரண்டும் வெவ்வேறு கூட்டத்தில் போய் நின்றன. உடம்பைச் செதுக்கியது வேலை. சிப்பிப்பாறைக்கு அந்த வேலையைக் கொடுத்தது மரமில்லாத கரிசல் காடும், அதில் ஓடின முயலும். விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் நாய்க்கு வெளிநாட்டுத் தாத்தா எதுக்கு?

நாயை மதிக்க நமக்கு யாரும் சொல்லித்தரவும் வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயும் அதில் உண்டு. பெயர் கோவிவன். 7-ம் நூற்றாண்டிலேயே பெயர் பொறித்துக் கல் நட்டிருக்காங்க!

வம்சப் பெருமை வெறும் வாய்ப்பேச்சோட நின்னா பரவாயில்லை. ராஜபாளையம் நாயைப் பாருங்க. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, அதுதான் 'ஒரிஜினல்' என்று தலைமுறை தலைமுறையாக நிறத்துக்காகவே இணை சேர்த்தாங்க. அந்த வெள்ளையோடு ஒட்டி வந்தது காது கேளாமை. ஒரே ஒரு வேரியபிளை மட்டும் ஆப்டிமைஸ் பண்ணினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?

இப்ப முயல் வேட்டை சட்டப்படி குற்றம், அது சரிதான். ஆனா வேலை போன நாய்க்கு ஓட்டம் போகலையே. 2020 ஆகஸ்டில் பிரதமர் மனதின் குரலில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னது நல்லதுதான். அதைக் கேட்டு ஆசைப்பட்டு உத்தர வீதிப் பக்கம் ரெண்டாவது மாடி பால்கனியில் சிப்பிப்பாறையைக் கட்டிப்போடுவது நல்லதில்லை. அது கௌரவம் இல்லைங்க, ஜெயில்.

தினமும் அவிழ்த்து ஓடவிட வேலி போட்ட இடம் இருக்கா? அப்ப தாராளமா வாங்குங்க. விற்கிறவரிடம் அரபுக் கதை கேக்காதீங்க. தாய் நாயை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்க. வெள்ளைக் குட்டின்னா அதுக்குத் தெரியாம பின்னாடி போய் ஒருமுறை கைதட்டுங்க, திரும்புதான்னு பாருங்க.