காசு வாங்கவே காசு கொடுக்கணுமா? அமெரிக்க பல் கிளினிக்குகளை அரிக்கும் ‘க்ளெய்ம்’ கட்டணம்

பல்லுக்கு கேப் போட்டாச்சு. பேஷன்ட் கிளம்பியாச்சு. ரிசப்ஷனில் இருப்பவர் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பறந்துவிடும். வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால், மீட்டர் ஓட ஆரம்பிப்பதே அங்கேதான்.

அமெரிக்காவில் ஏராளமான பல் கிளினிக்குகள் டென்ட்ரிக்ஸ், ஈகிள்சாஃப்ட், ஓப்பன் டென்டல் போன்ற சாஃப்ட்வேர்களை நம்பியே இயங்குகின்றன. அப்பாயின்ட்மென்ட், எக்ஸ்ரே, பில் என எல்லாமே அதற்குள்தான். இன்சூரன்ஸ் க்ளெய்மும் அப்படியே.

நடுவில் நிற்பது யார்?

க்ளெய்ம் பெரும்பாலும் நேராக இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போவதில்லை. நடுவில் ‘கிளியரிங்ஹவுஸ்’ என்ற இடைத்தரகர் இருக்கிறார். தபால் பிரிக்கும் ஆபீஸ் மாதிரி. கோடு தப்பா, உறுப்பினர் எண் விடுபட்டதா என்று பார்த்து, உரிய நிறுவனத்துக்கு அனுப்புவார். இதற்கு மாதச் சந்தா அல்லது ஒரு க்ளெய்முக்கு இவ்வளவு என்று கட்டணம். எக்ஸ்ரே இணைக்கத் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொரு முறை அனுப்புவதற்கும் காசு என்று ஒப்பந்தம் இருந்தால், நிராகரிக்கப்பட்ட க்ளெய்மைத் திருத்தி அனுப்பும்போது மறுபடியும் காசு.

இந்தச் சேவை வீண் அல்ல. பேப்பரில் அச்சடித்து, ஸ்டாம்ப் ஒட்டி, வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட இது மலிவு. ஆனால், பேப்பர் ஒழிந்ததால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும்தானே லாபம்? பில் மட்டும் ஏன் டாக்டர் பக்கமே வருகிறது?

இரண்டாவது டோல்கேட்

க்ளெய்ம் பாஸானாலும் தொல்லை தீராது. சில நிறுவனங்கள் செக்குக்குப் பதிலாக ‘விர்ச்சுவல் கிரெடிட் கார்டு’ எண்ணை அனுப்புகின்றன. கிளினிக் அதைத் தன் கார்டு மெஷினில் அடித்துப் பணத்தை எடுக்க வேண்டும். கார்டு கட்டணம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000 டாலருக்கு 30 டாலர் அங்கேயே காலி. செய்த வேலைக்கான கூலியை வாங்கவே கூலி!

சட்டம் என்ன சொல்கிறது?

1996-ல் வந்த ஹிப்பா சட்டம் மின்னணு க்ளெய்முக்குப் பொது வடிவம் உருவாக வழிவகுத்தது. நேரடி வங்கிப் பரிமாற்றத்துக்கான தரநிலை 2014 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. டாக்டர் அந்த முறையில் பணம் கேட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்க முடியாது. ஆனால், கேட்க வேண்டும் என்பதே பல சின்ன கிளினிக்குகளுக்குத் தெரியாது. அந்தப் பரிமாற்றத்துக்குக் கட்டணம் வசூலிப்பதையும் விதி வெளிப்படையாகத் தடுக்கவில்லை. ஓட்டை அங்கேதான்.

வேறு கடைக்குப் போகலாமே?

சொல்வது சுலபம். 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற பெரிய கிளியரிங்ஹவுஸ் சைபர் தாக்குதலில் முடங்கியபோது, அமெரிக்கா முழுக்க மருத்துவமனைகள், மருந்தகங்கள், பல் கிளினிக்குகளின் க்ளெய்ம்கள் தேங்கி நின்றன. ஒரே பாதையை எல்லோரும் எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்பது அன்று வெட்டவெளிச்சமானது. பாதை ஒன்றுதான் என்றால், டோல் எவ்வளவு என்று தீர்மானிப்பது பாதைக்காரர்தான்.

கடைசியில் யார் தலையில்?

பல பல் இன்சூரன்ஸ் திட்டங்களில் ஆண்டு உச்சவரம்பே 1,000 முதல் 2,000 டாலர்தான். அதற்குள் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால், டாக்டர் ஒன்று ரேட்டை ஏற்றுவார், இல்லையென்றால் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கை விட்டே வெளியேறுவார். இரண்டிலும் அடி வாங்குவது நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்தான்.

தீர்வு ராக்கெட் சயின்ஸ் இல்லை. சாஃப்ட்வேர் விற்கும்போதே ஒரு க்ளெய்முக்கு மொத்தச் செலவு எவ்வளவு என்று முதல் பக்கத்தில் சொல்ல வேண்டும். திருத்தி அனுப்பும் க்ளெய்முக்கு மறுபடி காசு கேட்கக் கூடாது. டாக்டர் சம்மதிக்காமல் விர்ச்சுவல் கார்டு அனுப்பக் கூடாது. சாதாரண வங்கிப் பரிமாற்றம் இலவசமாக இருக்க வேண்டும்.

சென்னையிலும் கோவையிலும் நைட் ஷிப்டில் அமெரிக்க க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் இளைஞர்களுக்கு இந்தக் கட்டணங்கள் புதிதல்ல. திரையில் தினமும் கடந்துபோகும் வரிகள்தான். அந்தச் சின்ன வரிக்குப் பின்னால் ஒருவருடைய பல்வலி இருக்கிறது. சொத்தையும் இப்படித்தான், சின்னப் புள்ளியாகத்தான் ஆரம்பிக்கும்.