கனவுக் கம்ப்யூட்டரும் மூன்றாவது பின்னும்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் நம் தில்லி வீடுகளில் கம்ப்யூட்டர் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. கடையில் ரெடியாகக் கிடைப்பது அல்ல. பாகம் பாகமாக வாங்கி நேரு பிளேஸில் பூட்டிக் கொண்டுவரும் கம்ப்யூட்டர். பையன் பட்டியலை நீட்டுகிறான். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ராம், கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட், அதற்குள் நிறம் மாறும் விளக்குகள். அப்பா கூட்டிப் பார்த்துவிட்டு, "எதையாவது குறைக்கலாமா?" என்கிறார். இருவரும் மனமொத்துக் குறைப்பது ஒன்றைத்தான்: பவர் சப்ளை. எந்தப் பெட்டியானாலும் கரண்ட்தானே கொடுக்கப் போகிறது என்ற எண்ணம். ரயில்வே மின்சாரப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்த உரிமையில் சொல்கிறேன், இது தலைகீழ்க் கணக்கு. பட்டியலை அடியிலிருந்து எழுத வேண்டும்.

எங்கள் காலத்து ரயில் பெட்டிகளில் விளக்கும் மின்விசிறியும் 110 வோல்ட் டி.சி.யில் ஓடின. வண்டி நின்றால் பெட்டிக்குக் கீழே தொங்கும் பாட்டரிதான் அவற்றைத் தாங்கும். பயணி பார்ப்பது மின்விசிறியை; எங்கள் இரவுகள் கழிந்தது பாட்டரிப் பெட்டியருகில்.

கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. மதர்போர்டுக்கும் கார்டுக்கும் முக்கியமாக வேண்டியது 12 வோல்ட் டி.சி. நடுவில் இந்த மாற்றத்தைச் செய்யும் பெட்டி மட்டமானதாக இருந்தால், அது போகும்போது சில சமயம் மதர்போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகும். கேபினெட்டோடு இனாமாக வரும் பெட்டியில் "450 வாட்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20 ஆம்பியர் என்றால் 240 வாட், அவ்வளவுதான். மீதி, நமக்கு அதிகம் உதவாத வரிசைகளிலோ விளம்பரத்திலோ இருக்கிறது. "80 பிளஸ்" முத்திரை உள்ளதை, தேவைக்கு மேல் கொஞ்சம் இடம்விட்டு வாங்குங்கள். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. மே மாதத்து தில்லியில், தூசு அடைத்த கேபினெட்டுக்குள் அந்தப் பெட்டி படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் எர்த். வாடகை மாடிகளில் மூன்று பின் பிளக்குக்கு மூன்று ஓட்டைகள் இருக்கும். மூன்றாவதன் பின்னால் ஒயர் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பிள்ளைகள் சொன்னால், "செருப்பு போட்டுக்கொண்டு உட்கார்" என்று பதில் சொல்லும் வீடுகள் நம் குடியிருப்பிலேயே உண்டு. பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்டச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் அவற்றின் வழியாகக் கேபினெட் ஏறத்தாழப் பாதி வோல்ட்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில், மிதக்கும். அந்தக் கசிவு மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே வேறு கோளாறு வந்து இரும்பில் முழுக் கரண்ட் ஏறினால், அது வெளியேற வழி இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் விசாரிக்க வேண்டும். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அடுத்தது யு.பி.எஸ். 600 வி.ஏ. என்பது 600 வாட் அல்ல; பெரும்பாலும் 360 வாட்தான். கோப்பைச் சேமித்து ஒழுங்காக அணைக்க ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும். வீட்டு இன்வெர்ட்டரையே நம்புகிறவர்கள் அதன் பின்புறம் "யு.பி.எஸ்." என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். நல்ல பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் 16 மில்லி விநாடி போலத் தாக்குப்பிடிக்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றுகூட அல்ல. இன்வெர்ட்டர் அதைவிடத் தாமதித்தால் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி கிளம்பும். பழைய சதுர அலை இன்வெர்ட்டர்களோடு இன்றைய சப்ளைகள் சரியாக ஒத்துப்போகாததும் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்டெல் பிராசஸர் எண்ணின் கடைசியில் "எஃப்" இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி கிடையாது, தனிக் கார்டு கட்டாயம். விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு, கார்டை அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம் என்றால் திரை இருட்டாகத்தான் இருக்கும். 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது, ஏ.ஐ. மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம். படிப்புக்கு 16 ஜி.பி. தாராளம், அதையும் 8 ஆக இரண்டு. விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டர் மலிவாக வருகிறதென்றால் விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது.

விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, பைசா செலவில்லை. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே எழுதும் நம் பிள்ளைகள் பாட்டிக்கு நாலு வரி தமிழில் அடிக்கட்டுமே.

"இவ்வளவு தொல்லை எதற்கு, கம்பெனி மாடலே வாங்கிவிடலாம்" என்பார்கள். வாங்கலாம், குற்றமில்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து ஒரு முறை தானே பூட்டிய பிள்ளைக்கு அந்த இயந்திரத்திடம் பயம் போய்விடும். பெண் பிள்ளைகளையும் பூட்டச் சொல்லுங்கள். மகன் கேட்டால் எண்பதாயிரத்துக்குப் பட்டியல் போடுகிறோம். மகள் கேட்டால் "போனில் பார்த்துக்கொள்" என்கிறோம். இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். வேண்டாம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறும்வரை கடையை விட்டு நகராதீர்கள். நல்ல பவர் சப்ளைக்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வாரன்டி தருகிறார்கள், அதைக் கேட்டுப் போகும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.