சந்தை என்னும் எழுவாய்: நாளிதழ்ப் பத்தியாளர்களும் எல்லைப்புறத் தமிழரும்

முன்னுரை

நாளிதழ்களின் நடுப்பக்கத்தில் வாரந்தோறும் ஒரு தெய்வம் எழுந்தருளுகிறது. அதற்குச் சந்தை என்று பெயர். அது மகிழ்கிறது, அஞ்சுகிறது, நிதிநிலை அறிக்கை பிடிக்காவிடின் முகம் சுளிக்கிறது, நம்பிக்கை இழந்து மண்டபம் விட்டு வெளியேறுகிறது. அதன் திருவுள்ளத்தைக் குறிப்பால் உணர்ந்து அடியார்க்கு உரைக்கும் பூசகர் பத்தியாளர். அவர் வழங்கும் திருநீறு எந்நோய்க்கும் ஒன்றே: 'அரசு விலகட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும்.'

இத்தெய்வம் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்திலும் வாழும் தமிழர்க்கு அருளியது யாது எனக் கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இருவகைப்படுத்துவார். கரந்து கூறும் பொறுமை இப்பொருளில் நமக்கு இல்லை. ஆதலின் இது செம்பொருள்.

மூதாதையும் பேரர்களும்

இவ்வகை எழுத்திற்கு மதிக்கத்தக்க மூதாதை ஒருவர் உண்டு. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த இராசாசி, 'சுவராச்யா' இதழில் இடையறாது எழுதி, 'உரிம, அனுமதி ஆட்சி' என்னும் தொடரை அரசியற் சொல்லாக்கினார். அவர் கண்ட நோய் பொய்யன்று. ஓர் இயந்திரம் வாங்கவும் தில்லியின் படிக்கட்டில் காத்துக் கிடக்க வேண்டியிருந்த காலம் அது. ஆயினும் அவரே 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தவர் என்பதும் நோக்கத்தக்கது. விற்பவனும் வாங்குபவனும் ஒப்பிவிட்டால் மூன்றாமவர் கேள்வி கேட்கலாகாது என அவர் கருதியதில்லை. இன்றைய பத்தியாளர், பாட்டனின் சொத்தைப் பதிவு செய்துகொண்டு கடன் பத்திரத்தை மட்டும் தொலைத்துவிட்ட பேரர் எனலாம்.

ஆங்கிலத்தில் 1990 முதல் 'சுவாமினாமிக்சு' எழுதிவரும் சுவாமிநாதன் ஐயரும், 2000இல் 'இந்தியா அன்பவுண்டு' நூலை வெளியிட்ட குர்சரண் தாசும் தரவு காட்டி வாதிடுவோர்; அவர்களோடு எதிர்வாதம் செய்ய இடமுண்டு. அவ்வாதத்தின் தரவைக் கழித்து முடிவை மட்டும் தமிழில் பெயர்த்து, அதனைப் பட்டறிவு போல் பரிமாறும் பத்தி வகையே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பத்தித் தமிழின் இலக்கணம்

இப்பத்திகளின் முதற் குற்றம் பொருளியல் சார்ந்ததன்று, இலக்கணம் சார்ந்தது. அவற்றில் சந்தைக்கு உயர்திணை வினை வழங்கப்படுகிறது: அது சிந்திக்கிறது, தீர்மானிக்கிறது, தண்டிக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணோ 'உழைப்புச் செலவு' என அஃறிணைப்படுத்தப்படுகிறாள். திணை வழுவிற்கு வகுப்பில் மதிப்பெண் குறைக்கும் நாம், நாளிதழில் அதனைக் கண்டால் நடைச்சிறப்பு என்கிறோம்.

இரண்டாவது, செயப்பாட்டு வினை. 'ஆலை மூடப்பட்டது', 'ஊதியம் சீரமைக்கப்பட்டது', 'பணியாளர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது' என்பன பத்தியாளரின் வாய்பாட்டுத் தொடர்கள். மூடியவர் யார், குறைத்தவர் யார் என்று கேட்டால் விடையில்லை. இலாபம் வரும்போது மட்டும் 'துணிந்து முதலிட்டார்' என எழுவாய் பெயரும் ஊருமாகத் திரும்பி வருகிறது.

பிளாச்சிமடை: விலையில்லாச் சந்தை

தமிழ்க் காதில் 'மடை' என ஒலிக்கும் ஊர் பிளாச்சிமடை. சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில், மழை மறைவுப் பகுதியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்தது. இங்கு 2000ஆம் ஆண்டு மார்ச்சில் இந்துசுதான் கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறுகள் நீரை இறைத்தன. சுற்றியிருந்த கிணறுகளின் நீர் குறைந்ததாகவும் கெட்டதாகவும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்பிரல் 22இல் பழங்குடி மக்கள் ஆலைமுன் போராட்டத்தைத் தொடங்கினர். எரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். ஆலைக் கழிவு உழவர்க்கு உரமென வழங்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் உள்ளதாக 2003இல் பிபிசி வானொலி வெளிப்படுத்தியது. நீர்க்குறைவிற்கு மழையின்மையே காரணம் என்றும், கழிவு தீங்கற்றது என்றும் நிறுவனம் வாதிட்டது.

'ஓசி விருந்து என ஒன்றில்லை' என்பது பத்தியாளர்க்கு மந்திரம். மில்டன் ஃபிரீட்மனின் 1975ஆம் ஆண்டு நூலின் தலைப்பே அது. ஏழைக்கு அரிசி விலையின்றி வழங்கப்படும்போதெல்லாம் இம்மந்திரம் ஓதப்படும். பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்கு ஆலை கொடுத்த விலை யாது? நிலம் வாங்கியவனுக்கு அதன் அடியிலுள்ள நீரும் உரியது என்னும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் மரபே அங்கு விலைச்சீட்டு. பக்கத்துக் கிணற்றின் நீரும் அதே நிலத்தடியில்தான் ஓடியது. அதனை இழந்தவளிடம் யாரும் பேரம் பேசவில்லை. விற்பவளின் ஒப்புதலின்றி, விலையின்றி எடுத்துச் செல்வதற்குச் சந்தை என்ற பெயர் பொருந்துமா? நம் ஊர்வழக்கில் அதற்கு வேறு பெயருண்டு.

ஊராட்சி 2003 ஏப்பிரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு திசம்பரில் கேரள உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து. அரசு அதன் அறங்காவலரே எனத் தீர்த்தார். 2005 ஏப்பிரலில் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 இலட்சம் இலிட்டர் எடுக்க வழிவிட்டது. எனினும் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் இயங்கவில்லை. இயக்கப் போவதில்லை என 2017இல் நிறுவனமே உச்சநீதிமன்றத்தில் கூறிவிட்டது.

அதிகாரம் தில்லியில் குவியலாகாது என்பவர் பத்தியாளர். அதிகாரம் பெருமாட்டிக்கு வந்து, ஊரார் தேர்ந்தெடுத்த மன்றம் 'வேண்டா' என்று சொன்னால், அது 'முதலீட்டை விரட்டும் போக்கு' ஆகிவிடுகிறது. நுகர்வோர் கடையில் வேண்டா என்றால் அது இறையாண்மை. குடிமக்கள் ஊரில் வேண்டா என்றால் அது பிற்போக்கு.

2010இல் உயர்நிலைக் குழு 216.26 கோடி உரூபாய் இழப்பெனக் கணக்கிட்டது. 2011 பிப்பிரவரியில் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாயச் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. மயிலம்மா 2007லேயே மறைந்துவிட்டார். உரிம ஆட்சியின் தாமதத்தைப் பாடிய பத்திகள் பல. இத்தாமதத்திற்கு இரங்கிய பத்தி எத்தனை?

மூணாறு: முதலாளியான தொழிலாளி

1877இல் பூஞ்சாற்று அரசரிடம் மன்றோ பெற்ற குத்தகையிலிருந்து தொடங்குவது கண்ணன் தேவன் மலையின் தேயிலை வரலாறு. மலை சந்தையில் வாங்கப்பட்டதன்று, அரசன் அளித்தது. உழைப்பும் அவ்வாறே: நெல்லை, மதுரைச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துப் பிணித்து ஏற்றியது.

2005இல் டாட்டா தேயிலை நிறுவனம் பெரும்பகுதித் தோட்டங்களை விட்டு விலக, தொழிலாளர்களே பெரும்பான்மைப் பங்குதாரராகப் புதிய நிறுவனம் உருவானது. பத்தியாளரின் கனவு இதுவன்றோ? தொழிலாளி முதலாளியாகிவிட்டால் முரண்பாடு ஏது? விடை 2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தது. முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த மிகையூதியம் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, அந்தப் 'பங்குதாரர்கள்' ஆயிரக்கணக்கில் திரண்டனர். நாட்கூலி அப்போது 232 உரூபாய். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர்பெற்ற அத்திரளில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவருள்ளும் பலர் தலித்துகள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகே அண்டவிடவில்லை. சங்கம் என்றாலே கசக்கும் பத்தியாளர்க்கு இஃது இனிக்கலாம். ஆனால் சங்கம் மிகையாகக் கேட்டது என்பது அப்பெண்களின் குறையன்று, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பதே குறை. போராட்டத்தின் முடிவில் 8.33 விழுக்காடு மிகையூதியமும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. அக்டோபரில் கூலி 301 உரூபாய் ஆயிற்று. சந்தையின் திருவுள்ளம் இரண்டே மாதத்தில் இரங்கியதற்குக் காரணம், சாலையில் அமர்ந்த பெண்கள்.

'கூலி போதாதெனில் வேறு வேலை தேடலாமே. ஒப்பந்தம் இருபாலும் விருப்பமானதன்றோ?' என்பது பத்தியாளரின் இறுதி அம்பு. லயத்தைக் கண்டவர் இதனைக் கேளார். லயம் தோட்டத்திற்கு உரியது. பணி முடிந்தால் வீடும் முடிகிறது. பிள்ளைகளில் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் தாய்க்குக் கூரை நிலைக்கும். வெளியேறும் உரிமைக்கு விலை வீடு என்றால் அவ்வுரிமை ஏட்டளவினதே.

2020 ஆகத்து 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது, எழுபதின்மர் மாண்டனர். தொலைத்தொடர்பு இல்லாமையால் செய்தி வெளியே வர விடிய வேண்டியிருந்தது. மறுநாள் கரிப்பூரில் வானூர்தி விபத்து நிகழ்ந்தது. அங்கு இறந்தோர் குடும்பத்திற்கு மாநில அரசு 10 இலட்சமும், பெட்டிமுடிக்கு 5 இலட்சமும் அறிவித்தது. இவ்விலைப்பட்டியலை எழுதியது சந்தையன்று, இடதுசாரி அரசு என்று பத்தியாளர் சுட்டுவாராயின், சுட்டுக, அது மெய். அரசும் தவறும் என்பதை நாம் மறுக்கவில்லை. தவறிய அரசைச் சட்டமன்றத்திலும் சாலையிலும் கேட்க முடிந்தது. செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்த சந்தையை எங்கே சென்று கேட்பது?

நம் துறைகளின் மௌனம்

பத்தியாளரை மட்டும் நகைத்து அமைதல் நேர்மையன்று. 1956இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு இணைந்ததை எண்ணி இன்றும் கருத்தரங்குகளில் கண்ணீர் வடிக்கிறோம். மண் போயிற்று என்று வருந்திய நாம், அம்மண்ணில் நின்ற பெண்ணின் கூலிச்சீட்டைப் படித்ததில்லை. எல்லைத் தமிழரின் வழக்குச் சொற்களைத் தொகுத்து ஆய்வேடுகள் சமர்ப்பிக்கிறோம். அச்சொல்லைச் சொன்னவர் எவ்வளவு தொலைவு நடந்து குடிநீர் கொணர்ந்தார் என்பதைக் குறிப்பதில்லை. அதே வேளையில், இக்கால உரைநடைத் தாளுக்கு நடைச்சிறப்பு நோக்கி நாளிதழ்ப் பத்திகளைப் பாடமாக வைக்கிறோம். எழுவாய் மறைத்து எழுதும் கலையை மாணவர் நம்மிடமே கற்கின்றனர்.

முடிவுரை

ஆற்றுப்படைக்கு ஓர் அறம் உண்டு: வள்ளலிடம் பரிசில் பெற்றவனே பெறாதவனை அவ்வழி செலுத்துவான். தாம் கண்டு பெற்று மீண்டதைச் சொல்வதால் அவன் சொல்லுக்கு மதிப்பு. நம் பத்தியாளரும் ஆற்றுப்படுத்துகின்றனர். பெற்றோர் வேறு, நடப்போர் வேறு. பிளாச்சிமடையினரும் மூணாற்றுப் பெண்களும் அவ்வழி சென்று மீண்டவர்கள். அவர்கள் கூற்றுகளைத் தொகுத்து, இப்பத்திகளின் அருகே வைத்து, எழுவாய் எங்கே என்று மாணவரைக் கேட்கும் பாடம் ஒன்றேனும் நம் துறைகளில் வருமாயின் இக்கட்டுரை பயன்பெறும்.