எதற்கெடுத்தாலும் ஃபார்மேட்டா?

போன வாரம் என் பிரிண்டர் படுத்துவிட்டது. 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சர்வீஸ், ஸ்டார்ட் ஆன வேகத்தில் நின்றுபோனது. பார்க்க வந்த பையன் இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பு சொன்னான்: "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்."

மறைந்த என் மனைவியின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேண்டாம் தம்பி என்று அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.

விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தி, 'சர்வீசஸ்.எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் பட்டியல் வரும். ஸ்பூலர் நின்றிருப்பதை உறுதி செய்துகொண்டு, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று வரிசையாக உள்ளே போனேன். அங்கே தேங்கிக் கிடந்த பழைய பிரிண்ட் ஃபைல்களை மட்டும் அழித்தேன், ஃபோல்டரைத் தொடவில்லை. திரும்பி வந்து ஸ்டார்ட் கொடுத்தேன். ஓடியது!

ஃபார்மேட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது கடைசி வைத்தியம். முதல் வைத்தியமாகச் சொல்பவர், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார். கொளுத்துகிற கூலியும் நம் தலையில்தான்.

என் வயதுக்காரர்களே, அடுத்த முறை "எந்த சர்வீஸ் நிற்கிறது, ஏன் நிற்கிறது?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவர் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.