டேப் ஏமாற்றும்! ஒலி காட்டிக் கொடுக்கும்!

காய்ச்சல் தணிந்துவிட்டது. மூச்சுத் திணறல் நின்றுவிட்டது. "இனிப் பயம் இல்லை" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால், நோயாளியால் கட்டிலை விட்டு எழுந்து நிற்க முடியவில்லை!

காரணம் என்ன?

படுக்கையில் கிடந்த நாட்களில் அவருடைய தொடைத் தசை கரைந்துவிட்டது.

உட்கார்ந்தவர் எழுந்திருக்க, மாடிப்படி ஏற, கீழே விழாமல் நடக்க, எல்லாவற்றுக்கும் முன்தொடைத் தசை வேண்டும். நான்கு தசைகள் ஒன்றுசேர்ந்த பெரிய தசை அது. அது இளைத்துவிட்டால், எதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

டேப் போதாது

தொடையைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் போதாதா? போதாது. தோல், கொழுப்பு, எலும்பு, தசை எல்லாவற்றையும் டேப் சேர்த்தே அளக்கிறது. நீர் கோத்துத் தொடை வீங்கியிருந்தால், உள்ளே தசை கரைவது வெளியே தெரியாது.

தசையை மட்டும் தனியே காட்டுவது ஒலி. கர்ப்பிணிப் பெண்களின் வயிற்றில் குழந்தையைப் பார்க்கிறார்களே, அதே ஸ்கேன் முறைதான்!

காதுக்குக் கேட்காத ஒலியை இந்தக் கருவி தொடைக்குள் அனுப்புகிறது. உடம்புக்குள் அது விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. எலும்பில் மோதி எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். திரையில் எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்கு மேலே கருமையாகத் தெரிவது தசை. அதன் தடிப்பை அளந்துவிடலாம்.

ஊசி இல்லை. வலி இல்லை. எக்ஸ்ரே கதிரும் இல்லை.

10 நாளில் இவ்வளவா?

இங்கிலாந்து நாட்டு டாக்டர்கள், உயிருக்குப் போராடிய 63 நோயாளிகளின் தொடைகளை இப்படி அளந்தனர். முடிவு 2013-ம் ஆண்டு வெளிவந்தது. 10-வது நாளில், முன்தொடையின் நடுத் தசை 100-க்குச் சுமார் 18 பங்கு சிறுத்திருந்தது! பல உறுப்புகள் பழுதானவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம்.

முதுமையும் தசையைத் தின்கிறது. 20 வயதைத் தாண்டிய பெண்களையும், 70 வயதைத் தாண்டிய பெண்களையும் அதே நாட்டில் அளந்து பார்த்தார்கள். 1984-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. மூத்தவர்களின் தசை மூன்றில் ஒரு பங்கு சிறியது. பலமும் ஏறக்குறைய அந்த அளவுக்கே குறைந்திருந்தது.

கவனம் தேவை

அளப்பவர் கருவியை அழுத்தக் கூடாது. அழுத்தினால் தசை நசுங்கி, மெலிந்ததுபோல் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அளக்க வேண்டும். பேனாவால் அடையாளம் வைப்பது நல்லது.

அளவு மட்டுமே பலம் ஆகிவிடாது. நோயாளி நாற்காலியிலிருந்து எழுகிறாரா, எப்படி நடக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

படுத்த நோயாளியின் காய்ச்சலைத் தினமும் குறிக்கிறார்கள். நாடித் துடிப்பையும் குறிக்கிறார்கள். வாரம் ஒரு முறை தொடைத் தசையின் அளவையும் குறித்தால் என்ன? குறைவது தெரிந்தால், ஏற்ற உணவையும் காலுக்கான பயிற்சியையும் டாக்டர் உடனே தொடங்கலாம். வீட்டில் உள்ளவர்களும், "எப்போது உட்கார வைக்கலாம், எப்போது நடக்க வைக்கலாம்?" என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

உயிரைக் காப்பாற்றுவது பாதி வேலை. நோயாளியைத் தன் காலாலேயே வீட்டுக்கு நடக்க வைப்பது மீதி வேலை!