என்ஜின் லைட் எரிஞ்சா லோன் ஆப்பைத் திறக்காதீங்க

பொள்ளாச்சியில அப்பா தேங்காய் ஏத்துற பழைய டீசல் பிக்கப். மேடு ஏறும்போது திணறுது, மீட்டர்ல மஞ்சள் என்ஜின் லைட் எரியுது. 'இன்ஜெக்டர் மாத்தணும்'னு ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்கன்னு போன் வருது. உடனே நீங்க கோயம்புத்தூர்ல உட்கார்ந்து பர்சனல் லோன் தேடறீங்க. கொஞ்சம் பொறுங்க.

அந்த லைட் எந்த பார்ட் போச்சுன்னு சொல்லாது. எங்க தேடணும்னுதான் காட்டும். முதல்ல ஸ்கேனர் போட்டு, எரர் கோட் என்னன்னு கேட்டு எழுதி வாங்குங்க. அதுக்கு முன்னாடி அழிக்க விடாதீங்க. உதாரணத்துக்கு, பி0087 வந்தா எரிபொருள் ரெயில்ல பிரஷர் குறைவுன்னு அர்த்தம். டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், லைன்ல காத்து புகுந்திருக்கலாம், சென்சர் பழுதா இருக்கலாம், பம்பே தேய்ஞ்சிருக்கலாம். செலவு கம்மியானதுல இருந்து ஒவ்வொண்ணா சோதிச்சுட்டு வரணும். ஃபில்டர்லயே சரியாயிட்டா இன்ஜெக்டர் பேச்சே வராது.

ஆடிட்ல வவுச்சர் பார்க்காம எந்தச் செலவையும் நாங்க ஏத்துக்க மாட்டோம். வண்டிக்கு அந்த எரர் கோட்தான் வவுச்சர். காரணம் தெரியாம பார்ட் மாத்தறது ரிப்பேர் இல்லீங்க, யூகம். அந்த யூகத்துக்கு மூணு வருஷம் இஎம்ஐ கட்டப்போறது நீங்கதான்.

இன்னிக்கு அப்பாவுக்கு போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்க: "ஸ்கேன் பண்ணீங்களாப்பா?"